கேட்காமல் விட்ட கேள்வி

போன இலையுதிர் காலத்துத் தேர்வில் அனார்கான் மூன்று மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். முப்பது வருஷமாக ஆக்-தெரெக் என்ற மலைக் கிராமத்துக்கு ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தவர்களைச் சூடேற்றி எழுப்பி உட்காரவைத்தவளை, ஒரு கம்ப்யூட்டர் எதிரே இருத்தி அறுபது கேள்வி கேட்டு, 'தேறவில்லை' என்று எழுதிக் காட்டியது. அதற்கென்ன வெட்கமா மானமா? வெட்கமெல்லாம் இவளுக்குத்தான்.

அவள் முழு டாக்டர் இல்லை, டாக்டருக்கு ஒரு படி கீழே. ஆனால் முழு டாக்டர் நாரின் நகரத்தில், கணவாயைத் தாண்டி மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்ததால், அந்த ஒரு படி ஊர்க்காரர்கள் கண்ணில் படவே இல்லை. கிழவர்கள்கூட அவளை டாக்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்வெழுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து வாயால் கேட்பார்கள், இவளும் வாயால் சொல்லிவிட்டு வருவாள். இப்போது எல்லாம் திரையில். வரும் மார்ச்சில் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி. அதிலும் தவறினால் வேலை போகும், ஊர் மருத்துவ நிலையத்துக்கும் பூட்டு விழும். இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்துக் கிராமத்து நிலையத்தோடு ஆக்-தெரெக்கைச் சேர்த்துவிடுவார்கள். பனிக்காலத்தில் அந்த இருபதைக் கடக்க அரைநாள் ஆகும், சில நாள் கடக்கவே முடியாது.

அவள் பதில் தெரியாமல் தோற்கவில்லை. கேள்வியோடு மல்லுக்கு நின்று தோற்றாள். இந்தக் கருவியை வைத்துப் பார், அந்தப் படத்தை எடுத்துப் பார் என்று இருந்த விடைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கையில் இருப்பதை வைத்துத் தான் உண்மையில் என்ன செய்வாளோ அதைத் தொட்டுவிட்டு வந்தாள்.

அவள் கணவன் ஜானிஷ் ஒரு காலத்தில் ஊரின் ஒரே டிராக்டரை ஓட்டியவன். டிராக்டர் துருப்பிடித்த பிறகு முப்பது செம்மறிகளுக்கும் ஒரு பசுவுக்கும் எஜமான். மனைவி தோற்று வந்த அன்று, உப்புத் தேநீரில் பாலேடு மிதக்க ஊற்றிக் கொடுத்தான். முதல் பனி விழுந்ததும் அறுநூறு கேள்விகள் கொண்ட அந்தத் தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, மாட்டுக் கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தான்.

"இந்தத் தடவை நான் கேக்கறேன். நீ சொல்லு."

"உங்களுக்கு அதெல்லாம் வாயில வருமா?" என்றாள் அவள், பசுவின் மடியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வராட்டி என்ன? பரீட்சை எனக்கா உனக்கா?"

புத்தகம் ரஷ்ய மொழியில் இருந்தது. அவன் ரஷ்யமோ பட்டாளத்தில் கற்றது. திட்டுவதற்கு அமோகமாக உதவும், வைத்தியத்துக்கு உதவாது. நோய்களின் பெயர்களை அவன் கடித்துக் குதறினான். அவள் சிரித்துச் சிரித்துப் பாலைக் கீழே சிந்தினாள்.

"கேள்வி பதினொண்ணு. பேஷன்ட்டுக்கு மூஞ்சி மஞ்சள், கண்ணு மஞ்சள். என்ன பண்ணுவ?"

"எவ்வளவு குடிக்கிறான்னு அவன் பொண்டாட்டிய கேப்பேன்."

"அப்படி ஒரு விடை இதுல இல்ல டாக்டரம்மா. அஞ்சுதான் போட்டிருக்கான். அஞ்சுக்குள்ள வா."

"அஞ்சும் தப்பு."

"இருந்துட்டுப் போகட்டும். எந்தத் தப்பை அவன் சரின்னு நினைக்கிறான்னு சொல்லு. ஊருக்கு உன் வைத்தியம் பாரு, கம்ப்யூட்டருக்கு அவன் வைத்தியம் பாரு. ரெண்டையும் போட்டுக் கலக்காத."

இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பதில் சரியாக இருந்தால் காதில் செருகிய தச்சுப் பென்சிலை எடுத்து, கேள்வி எண்ணின் மேல் ஒரு கோடு கிழிப்பான். தவறென்றால் மறுநாள் அதையே முதலில் கேட்பான். குளிர்காலம் முழுக்க, பால் கறக்கும்போதும் ரொட்டிக்கு மாவு பிசையும்போதும், அந்த ஓட்டை ரஷ்யத்திலேயே அவள் மருத்துவத்தை மறுபடி படித்தாள். நாற்பது கேள்விக்குள் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஜானிஷ் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மேட்டுக் கொட்டகைக்கு வைக்கோல் தூக்கிட்டுப் போறேனா, இந்த இடத்துல புடிச்சு இழுக்குது."

அவள் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். இடது பக்கக் கடைவாய்ப்பல் கறுத்துக் குழிந்திருந்தது. "சொத்தை. குளிர்காத்து உள்ள போகுது. வோட்காவ வாயில ஊத்திக் கொப்பளிங்க, முழுங்கக் கூடாது."

"முழுங்காம துப்பச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தாடையில் வைத்து, தன் கம்பளிச் சால்வையால் தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். "பரீட்சை முடியட்டும். நாரினுக்குக் கூட்டிட்டுப் போய்ப் புடுங்கிடலாம்." கட்டிக்கொண்டே, "உம், அடுத்த கேள்வி" என்றாள்.

இரண்டு வாரம் அவன் அவ்வப்போது தாடையைத் தடவிக்கொண்டான். பிறகு ஒருநாள் அதை நிறுத்திவிட்டான். புத்தகத்தில் இருநூறு தாண்டிப் போய்க்கொண்டிருந்த வாரம் அது.

"பல்லு எப்படி இருக்கு?"

"உனக்குப் பயந்து அடங்கிடுச்சு."

அதற்குப் பின் வைக்கோல் தூக்கும் வேலையைத் தம்பி எசெனாலியிடம் விட்டுவிட்டான். 'எனக்குப் படிப்பு இருக்கு' என்று அதற்கு ஒரு கேலியும் சொல்லிக்கொண்டான். அவளும் உப்பு ஒத்தடத்தின் பெருமையை ஊரில் நாலு பேரிடம் சொன்னாள்.

அனார்கானுக்கு ஊரில் இன்னொரு வேலையும் இருந்தது. எந்தச் சம்பளப் பட்டியலிலும் அது கிடையாது. அந்த மலைகளில் சாவுச் செய்தியை யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லமாட்டார்கள். பெரியவர்கள் நாலு பேர் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சேர்ந்து போவார்கள். சாப்பிட்டாயா என்பார்கள், உட்கார் என்பார்கள், எங்கோ தொடங்கி மெல்ல மெல்லப் பக்கத்தில் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால், மயக்கம் தெளிவிக்கும் மருந்தும் ஊசியும் வைத்த பையோடு அனார்கான் நிற்பாள். கேட்பவர் முக்கியமான காரியத்தில் இருந்தால் அது முடியும்வரை வாய் திறக்கமாட்டார்கள். தாய்மாமன் செத்ததை, கல்யாணம் முடியும்வரை இரண்டு நாள் ஒரு மணப்பெண்ணிடம் மறைத்து, அவளுக்குத் தலைவாரிச் சிங்காரித்தும் விட்டவள் இவள். 'மறைக்கிறதும் ஒரு மருந்துதான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் ஷேர் டாக்ஸி வந்து நின்றது. ஜானிஷ் புத்தகத்தை அவள் பையில் வைத்தான்.

"அறுநூறும் முடிஞ்சுது. ஒண்ணுகூட பாக்கி இல்ல."

"நிலையத்தப் பூட்டிட்டேன். யாருக்காவது ஏதாவதுன்னா?"

"ஒரு நாள்ல ஊரு செத்துடாது. கெடா ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன். பாஸ் பண்ணிட்டு வா, வெட்டறேன். மரியாதைக்கு வைக்கற தலைய இந்தத் தடவை பெருசுங்களுக்கு வைக்கப்போறதில்ல. உனக்குத்தான்."

"பொம்பளைக்குத் தலைய வெச்சா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அவனுங்க அறுநூறு கேள்விக்குப் பதில் சொல்லட்டும், அவனுங்களுக்கும் வைக்கறேன்."

கார்க் கதவைச் சாத்திய பிறகும் அவன் கை கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததும் எடுத்துக்கொண்டான். சாயங்காலம் அவள் நாரினிலிருந்து போன் செய்தபோது, "ஆடு குட்டி போடற நேரம், என்னை விடு, படி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தேர்வு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். திரையில் முதல் கேள்வி வந்ததும் அனார்கானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜானிஷ் கடித்துக் குதறிய அதே நோய், காதில் அவன் குரலிலேயே கேட்டது. அடுத்ததும் அப்படித்தான். சண்டை போடத் தோன்றிய இடங்களில், 'அஞ்சுக்குள்ள வா டாக்டரம்மா' என்றது அந்தக் குரல். அவளும் வந்தாள்.

முப்பத்தெட்டாவது கேள்வியில் குரல் வரவில்லை.

அவள் கண்ணால் படித்தாள். ஐம்பத்தெட்டு வயது ஆண். மேட்டில் ஏறும்போதும், குளிர்காற்றில் நடக்கும்போதும் இடது கீழ்த்தாடையில் வலி. நின்றால் ஐந்து நிமிஷத்தில் அடங்குகிறது. எதைச் சந்தேகிப்பீர்கள்? முதல் விடையே பல் சொத்தை. மூன்றாவது, இதயத்துக்கு ரத்தம் போதாமை. யோசிக்கவே வேண்டாம், மூன்றாவதைத் தொட்டாள். தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மேட்டுக் கொட்டகை. வைக்கோல். புடிச்சு இழுக்குது. ஜானிஷுக்கும் ஐம்பத்தெட்டு.

அவள் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் பெண் அருகே வந்தாள்.

"ஒரே ஒரு போன். வீட்டுக்கு. ரெண்டு நிமிஷம்."

"எழுந்து போனீங்கன்னா தேர்வு ரத்தாயிடும்க்கா. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஏதாவது அவசரமா?"

அவசரமா? அனார்கான் திரையைப் பார்த்தாள். இன்னும் இருபத்திரண்டு கேள்விகள். மிஞ்சிப் போனால் நாற்பது நிமிஷம். சாயங்காலம் வீட்டில் இருப்போம், கையோடு மாத்திரை கொடுப்போம், நாளைக்கே இங்கே கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைப்போம். பாதியில் எழுந்து போய் நின்றால் அந்த மனுஷன் உயிரை வாங்கிவிடுவான். வலியோடு இரண்டு மாதம் நடமாடியவனுக்கு நாற்பது நிமிஷம் ஒன்றும் ஆகாது.

"இல்ல, அவசரம் இல்ல," என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்பதாவது கேள்விக்குப் போனாள்.

அறுபதுக்கு ஐம்பத்து நான்கு. நாற்பத்திரண்டு வாங்கினால் போதும். "வாழ்த்துக்கள்க்கா! இன்னைக்கு வந்ததுல நீங்கதான் முதல்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள் கண்காணிப்பாளர். அனார்கான் கையை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். போனை வாங்கி வீட்டு எண்ணைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆட்டுக் கொட்டகையில் இருப்பான், வேறெங்கே போவான் என்று காதில் போனோடு தெருவுக்கு வந்தாள்.

எதிரே ஒரு வேன் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஆக்-தெரெக்கின் பெரியவர்கள் மூன்று பேர், வெள்ளைத் தொப்பி போட்டு வரிசையாக. நான்காவது ஆள் எசெனாலி, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்தபோதுகூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ வேலையாக நகரத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் அவர்களுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்துக் கிராமத்து மருத்துவ நிலையத்தின் ஷாயிர்குல். அவள் கையில் பை.

அந்தப் பைக்குள் என்னென்ன இருக்கும், எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று அனார்கானுக்குத் தெரியும்.

மூத்தவர் தொக்தோசுன் தொண்டையைச் செருமினார். "வாம்மா அனார்கான். பரீட்சை நல்லா முடிஞ்சுதா? ஏதாச்சும் சாப்பிட்டியா? வா, இப்படி வந்து உக்காரு..."

"ஐயா, சுத்தி வளைக்காதீங்க," என்றாள் அவள். "நீங்க நிக்கற எடத்துல நான் முப்பது வருஷம் நின்னிருக்கேன். எப்போ?"

பெரியவர் எவ்வளவோ பேரிடம் சொன்னவர்தான். ஆனாலும் பார்வையை வேன் பக்கம் திருப்பிக்கொண்டார். "காலையில," என்றார். "ஆறரை இருக்கும்."

ஆறரை. முப்பத்தெட்டாவது கேள்வி வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அவசரம் இல்லை என்று அவள் சொன்னது உண்மைதான். அப்போது எதுவுமே அவசரமாக இருக்கவில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டுதானே இருபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதினாள்! ஷாயிர்குல் பையைத் திறக்க வந்தபோது அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வேனில் எசெனாலி பேச ஆரம்பித்தான். கேட்காமலே பேசினான், நிறுத்தத் தெரியாமல் பேசினான்.

"குட்டி போட்ட ஆட்டைப் பாக்கப் போறேன்னு மேட்டுல ஏறினாரு மதினி. பாதியில உக்காந்துட்டாரு. நான் ஓடிப் போய்ப் புடிச்சேன். பையிலேர்ந்து ஏதோ மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில வெச்சாரு, ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. மதினிக்குப் போன் போடறேன்னேன். 'பதினோரு மணிக்கு முடியும், அதுவரைக்கும் மூச்சு விடாத'ன்னு என் சட்டையப் புடிச்சுக்கிட்டாரு. நான் போய் நிலையத்துப் பூட்ட ஒடைச்சேன். அலமாரி பூரா மருந்து, மதினி. எது எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்? கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டு வந்தேன்..."

தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்ன மாத்திரை?" என்று கேட்டாள் அனார்கான்.

கணவாய் ஏறும்வரை பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்த ஷாயிர்குல், ஏறி முடித்ததும் அழுதுகொண்டே சொன்னாள்.

"நான்தான் கொடுத்தேன்க்கா. நெஞ்சு வலி மாத்திரை. பிப்ரவரியில எங்கிட்ட வந்தாரு. 'எனக்கு இருக்கறது பல்லு இல்ல, புஸ்தகத்துல போட்டிருக்கான், பாத்துட்டேன்'னு சொன்னாரு. உடனே நாரினுக்குப் போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'நான் ஆஸ்பத்திரில படுத்தா அவ புஸ்தகத்தத் தூக்கிப் போட்டுட்டு என் தலைமாட்டுல உக்காந்துடுவா. மார்ச் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நல்லதுக்குத்தானேன்னு இருந்துட்டேன். நாமதான் எல்லாத்தையும் மறைக்கறோமே..."

அனார்கான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வேன் குலுங்கியதில் பக்கம் நிற்கவில்லை, மடியில் வைத்து அழுத்திக்கொண்டு புரட்டினாள். நூறுகளில் எல்லா எண்ணின் மேலும் பென்சில் கோடு. இருநூறு, இருநூற்றொன்று, கோடு, கோடு. இருநூற்றுப் பதிமூன்றில் கோடு. இருநூற்றுப் பதினைந்தில் கோடு. நடுவில் இருந்த பதினான்கில் எதுவும் இல்லை. அறுநூறில் அது ஒன்றுதான் வெறுமையாக இருந்தது.

மாட்டுக் கொட்டகையில், கவிழ்த்த வாளியின் மேல், அதை அவன் முதலில் மனதுக்குள் படித்திருப்பான். எழுத்துக்கூட்டி மெல்லத்தான் படித்திருப்பான். அவள் அந்தப் பக்கம் பால் கறந்துகொண்டு, 'உம், அடுத்த கேள்வி' என்றிருப்பாள். அவனும் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, அவனை அதற்குள் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் அவளுக்குக் கறுப்புத் துணி கட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். இனி அவள் ஒப்பாரி சொல்ல வேண்டும். கணவனின் வீரத்தையும் ஈகையையும் சொல்லிப் பாட வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே ஆண்கள் வெளியே அழுதபடி வருவார்கள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். எத்தனையோ வீடுகளில் அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் வாயைத் திறந்தாள். ராகம் சரியாக வந்தது. சொற்கள்தான் வேறாக வந்தன. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை, மேட்டில் ஏறினா தாடை வலி, நின்னா அடங்குதாம், நீ என்ன சந்தேகப்படுவ, அனார்கானே, நீ என்ன சந்தேகப்படுவ? பக்கத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முதல் விடை பல்லுன்னு போட்டிருக்கான், அதைத்தானே நான் சொன்னேன், உப்பை வறுத்துக் கட்டினேனே, என் ராசா, உப்பை வறுத்துக் கட்டினேனே என்று பாடிக்கொண்டே போனாள். கட்டி வைத்திருந்த கிடாவை அன்றைக்கு வெட்டினார்கள். தலையை வழக்கப்படி பெரியவர்களுக்கு வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் நிலையத்துக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். சான்றிதழ் உறையில் வந்தது. சுவரில் மாட்ட வேண்டியதை மேசை இழுப்பறையில் போட்டாள். இப்போது அவளிடம் யார் பல்வலி என்று போனாலும் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. படுக்கச் சொல்லி, நாரினிலிருந்து கேட்டு வாங்கிய இசிஜி கருவியின் ஒயர்களை மார்பில் ஒட்டி, இதயத்தைப் படம் எடுத்துப் பார்க்கிறாள். 'டாக்டரக்காகிட்ட பல்ல காட்டப் போனா சட்டையக் கழட்டணும்டா' என்று இளவட்டங்கள் கேலி பேசுகிறார்கள். பெரியவர்கள் முறைத்தால் அடங்கிக்கொள்கிறார்கள்.

கோடையில் எசெனாலியே ஒருநாள் கன்னம் வீங்கி வந்து நின்றான். ஆப்பிள் அளவுக்கு வீக்கம், குழந்தைக்குக்கூடத் தெரியும் என்னவென்று.

"மதினி, இது நிஜமாவே பல்லுதான்."

"தெரியுது. படு."

அவன் மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். அவள் ஒவ்வொரு ஒயராக ஒட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"மேட்டுல ஏறும்போது வலிக்குதா? குளிர்காத்துல வலிக்குதா? நின்னா அடங்குதா?"

"இல்ல மதினி. இல்ல. இல்ல."

அவ்வளவுதான். மூன்றையும் கேட்டு முடிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.